முகத்துல ஷாக் அடிக்கிற மாதிரி வலி: ட்ரைஜெமினல் நியூரால்ஜியா வந்தவங்க எங்க ஆரம்பிச்சு எப்படிப் போகணும்

எங்கம்மாவுக்கு இது மொதல்ல வந்தது முகம் கழுவும்போது. வலது பக்கம் மூக்குத்திகிட்ட கை பட்டுச்சு, அப்படியே சிலை மாதிரி நின்னுட்டாங்க, கண்ணுல தண்ணி, பேச்சே வரல. பத்து செகண்டுதான். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி காபி போடப் போயிட்டாங்க. பல்லு வலின்னு நெனச்சோம். ஒரு பல் டாக்டர் ரூட் கெனால் பண்ணாரு, வலி போகல, அந்தப் பல்லையே புடுங்கினாரு, அப்பவும் போகல, சரின்னு பக்கத்துப் பல்லையும் புடுங்கினாரு. எட்டு மாசம், ரெண்டு நல்ல பல்லு போனதுக்கு அப்புறம்தான் வேற ஒரு பல் டாக்டர், சின்ன வயசுப் பொண்ணு, வாயைத் தொறந்து பாத்துட்டு "இது பல்லு இல்லம்மா, நரம்பு, நியூராலஜிஸ்ட்டைப் பாருங்க"ன்னு ஃபீஸ்கூட வாங்காம அனுப்பி வச்சாங்க.

நான் டாக்டர் இல்ல. ஆறேழு வருஷமா அம்மாவைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சவன், அவ்வளவுதான். இதுல இருக்கிற மாத்திரை அளவெல்லாம் டாக்டர் சொல்றது உங்களுக்குப் புரியணும்னுதான் எழுதுறேன், நீங்களா வாங்கிப் போடறதுக்கு இல்ல.

மொதல்ல இது என்னன்னு

மூளையிலிருந்து நேரா வர்ற பன்னெண்டு ஜோடி நரம்புல அஞ்சாவதுக்குப் பேரு ட்ரைஜெமினல், வலி வர்றது அந்த நரம்புல. முகத்தோட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒண்ணு. அது மூணு கிளையா பிரியும்: நெத்தி கண்ணுப் பக்கம் ஒண்ணு, கன்னம் மேல்தாடைக்கு ஒண்ணு, கீழ்த்தாடைக்கு ஒண்ணு. பெரும்பாலும் வலி வர்றது ரெண்டாவது, மூணாவது கிளைலதான், அதனாலதான் எல்லாரும் மொதல்ல பல் டாக்டர்கிட்ட போய் நிக்கிறோம். எந்தக் கிளைன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, பின்னாடி சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது இது முக்கியமாகும்.

சொந்தக்காரங்க வந்து "முகவாதமா"ன்னு கேப்பாங்க. இல்ல. வாய் கோணுற முகவாதம் ஏழாவது நரம்பு சம்பந்தப்பட்டது, அதுல முக அசைவு போகும். இதுல முகம் கோணாது, பாத்தா நல்லாத்தான் இருப்பாங்க, அதுதான் கொடுமையே, வீட்டுல பாதிப் பேர் நம்ப மாட்டாங்க.

காரணம் நெறைய பேருக்கு ஒரு ரத்தக்குழாய். மூளைத்தண்டுகிட்ட நரம்பு கெளம்புற இடத்துல ஒரு ரத்தக்குழாய் ஒட்டிக்கிட்டு, துடிக்கும்போதெல்லாம் நரம்பை இடிச்சுக்கிட்டே இருக்கும். வயர் மேல இருக்கிற ரப்பர் தேஞ்சா கரண்ட் கசியற மாதிரி, நரம்போட மேல்உறை தேஞ்சு போய், சும்மா தொட்டாலே அது வலியா பாயுது. வயசாக ஆகத் தமனிகள் நீண்டு வளையும், அதனாலதான் அம்பது வயசுக்கு மேல அதிகம். ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு அதிகம். கொஞ்சப் பேருக்குக் குழாய் ஒண்ணும் அழுத்தியிருக்காது, காரணமே தெரியாது. இன்னும் கொஞ்சப் பேருக்குக் கட்டி இருக்கலாம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு மூளை, தண்டுவட நரம்புங்களோட மேல்உறையை அழிக்கிற நோய் இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேன்.

ஒரு நோட்டு போடுங்க

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் எழுதி வைங்க. இந்த நோயைக் கண்டுபிடிக்கிறது ரத்த டெஸ்ட்டால இல்ல, நீங்க சொல்ற கதையை வச்சுதான். கதை தெளிவா இருந்தா நியூராலஜிஸ்ட் அஞ்சு நிமிஷத்துல புடிச்சிடுவாரு. என்ன எழுதணும்னா, வலி எந்தப் பக்கம், எந்த எடத்துல ஆரம்பிச்சு எங்க ஓடுது, எத்தனை செகண்ட் இருக்கு, எது பட்டா வருது. பல் தேய்க்கிறது, முகம் கழுவுறது, மெல்லுறது, பேசுறது, ஷேவ் பண்றது, பஸ் ஜன்னல் காத்து, ஃபேன் காத்து, இதெல்லாம் வழக்கமான ட்ரிக்கர். எங்கம்மாவுக்கு மஞ்சள் பூசுறது. ஒரு தடவை அடிச்சா அரை நொடியிலிருந்து ரெண்டு நிமிஷம் வரைக்கும் இருக்கும், நடுவுல சுத்தமா நார்மல். தூக்கத்துல எழுப்புறது ரொம்ப அபூர்வம்.

பல்லு வலின்னா அது வேற மாதிரி, விண்ணு விண்ணுன்னு மணிக்கணக்கா இருக்கும், ராத்திரி தூங்க விடாது, ஐஸ் தண்ணி குடிச்சா ஏறும். ஆனா இது ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது பல் டாக்டருக்கே சில சமயம் கஷ்டம், அதனால பல் எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துப் பாத்துக்கறது தப்பு இல்ல. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னா பல்லைத் தொட விடாதீங்க. "புடுங்கிப் பாப்போம்"னு சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

சில விஷயம் இருந்தா தள்ளிப் போடாதீங்க: வயசு நாப்பதுக்குள்ள இருந்தா, ரெண்டு பக்கமும் வலிச்சா, முகத்துல ஒரு எடம் எப்பவுமே மரத்துப் போயிருந்தா, அந்தப் பக்கக் காது கேக்கறது கொறஞ்சா, நடையில தள்ளாட்டம் இருந்தா. இதெல்லாம் வேற ஏதோ உள்ள இருக்குங்கிறதுக்கான அறிகுறியா இருக்கலாம். அதே மாதிரி வலி வரும்போது கண்ணு செவந்து தண்ணியா ஊத்தி, அந்தப் பக்க மூக்கும் ஒழுகுச்சுன்னா அதையும் சொல்லுங்க, அது வேற வகைத் தலைவலியா இருக்கலாம், மருந்தும் வேற. முகத்துல முன்னாடி அக்கி வந்திருந்தா அதையும் மறக்காம சொல்லிடுங்க.

எம்ஆர்ஐ எடுக்கும்போது

சாதாரண பிரெய்ன் எம்ஆர்ஐ எடுத்தா கட்டி இருக்கா இல்லையான்னு தெரியும், ஆனா நரம்பும் ரத்தக்குழாயும் ஒட்டியிருக்கிறது சரியா தெரியாது. அதுக்கு ரொம்ப மெல்லிசா வெட்டி வெட்டி எடுக்கிற தனி சீக்வென்ஸ் இருக்கு, மெஷின் கம்பெனியைப் பொறுத்து சிஸ், ஃபியஸ்டா அப்படின்னு பேர் சொல்லுவாங்க. நீங்க பேரெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம், டாக்டர் சீட்டுல "ட்ரைஜெமினல் நரம்புக்காக"ன்னு எழுதியிருக்கான்னு மட்டும் பாருங்க, ஸ்கேன் சென்டர்ல படுக்கறதுக்கு முன்னாடி வாயால ஒரு தடவை சொல்லுங்க. நாங்க மொதல் தடவை இது தெரியாம எடுத்து, மூணு மாசம் கழிச்சு சர்ஜன் "இது பத்தாது, திரும்ப எடுங்க"ன்னாரு. காசும் போச்சு, அந்த மெஷின் சத்தத்துல அம்மா ரெண்டாவது தடவை படுக்க வேண்டியதாவும் ஆச்சு. ஸ்கேன் படம் இருக்கிற சிடி டிஸ்க்கைப் பத்திரமா வைங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, சர்ஜனுங்க படத்தைத்தான் பாப்பாங்க.

இன்னொண்ணு, ஸ்கேன்ல ரத்தக்குழாய் ஒட்டியிருக்குன்னு வந்தாலே அதுதான் காரணம்னு இல்ல. வலி இல்லாத மனுஷங்களுக்கும் அப்படித் தொட்டுக்கிட்டு இருக்கும். நரம்பு நெளிஞ்சோ மெலிஞ்சோ போயிருக்கான்னு பாப்பாங்க. அதே மாதிரி "ஸ்கேன் நார்மல்"னு வந்தா உங்க வலி பொய்யின்னும் அர்த்தம் இல்ல.

மாத்திரை

இங்கதான் நான் கொஞ்சம் நீட்டி முழக்கப் போறேன், ஏன்னா பெரும்பாலானவங்க வருஷக்கணக்கா இருக்கப் போறது இந்தக் கட்டத்துலதான், நாங்க அடி வாங்குனதும் இங்கதான்.

பாரசிட்டமால், ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் இதெல்லாம் இந்த வலிக்கு வேலை செய்யாது. கிட்னியையும் வயித்தையும் கெடுத்துக்கறதுதான் மிச்சம். இதுக்கு மொதல் மருந்து கார்பமாசிபைன். 1960களிலிருந்து குடுத்துக்கிட்டு இருக்காங்க, இன்னைக்கும் அதுதான் முன்னாடி நிக்குது, 2019ல ஐரோப்பிய நரம்பியல் அகாடமி போட்ட வழிகாட்டுதல்லயும் நீண்ட நாள் சிகிச்சைக்கு மொதல் சாய்ஸ் கார்பமாசிபைன் இல்லைன்னா ஆக்ஸ்கார்பசெபைன்தான். நம்ம ஊர்ல டெக்ரிட்டால், மேசெட்டால்னு பேர்ல கிடைக்கும். இந்தியாவோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிற மருந்து, அதனால பெரிய அரசு ஆஸ்பத்திரில கேட்டுப் பாருங்க, மக்கள் மருந்தகத்துலயும் கேளுங்க.

ஒரு விஷயம், இது வலிப்பு மாத்திரை. மெடிக்கல் ஷாப் தம்பி சீட்டைப் பாத்துட்டு "வீட்டுல யாருக்கு ஃபிட்ஸ்"னு கேப்பாரு. எங்க சித்தி அதைக் கேட்டுட்டு வந்து "அக்காவுக்கு வலிப்பு வராதப்போ வலிப்பு மாத்திரை ஏன் குடுக்கறாங்க, தப்பான டாக்டர்"னு ஒரே ரகளை, அம்மா ரெண்டு நாள் மாத்திரையே போடல. வலிப்பும் இந்த வலியும் ரெண்டுமே நரம்பு தேவையில்லாம சரசரன்னு சிக்னல் விடறதால வர்றது, மருந்து அந்த சிக்னலை அடக்குது. அவ்வளவுதான் சங்கதி.

பொதுவா 100 மில்லிகிராம் ரெண்டு வேளைன்னு சின்னதா ஆரம்பிச்சு, சில நாளைக்கு ஒரு தடவை ஏத்துவாங்க. நெறைய பேருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 600, 800ல அடங்கும், அதிகபட்சம் 1200 வரைக்கும் போவாங்க. வேலை செஞ்சா சில நாள்லயே தெரியும், எங்கம்மா நாலாவது நாள் இட்லி மென்னு சாப்பிட்டாங்க, அதைப் பாத்து நான் அழுதுட்டேன். இது அவ்வளவு நல்லா கேக்குறதாலயே, மாத்திரைக்கு வலி சுத்தமா அசையலைன்னா டாக்டர் "நோயே இதுதானா"ன்னு மறுபடி யோசிப்பாரு.

ஆனா மூணு நாலு வாரம் கழிச்சு வலி மெதுவா திரும்ப எட்டிப் பாக்கும், பயந்துடாதீங்க. இந்த மருந்து கல்லீரலைத் தூண்டிவிட்டு தன்னைத்தானே வேகமா கரைச்சுக்கும், அதனால ரத்தத்துல அளவு கொறையும், டாக்டர் டோஸ் கொஞ்சம் ஏத்துவாரு.

சைட் எஃபெக்ட்: தூக்கம், தலைசுத்தல், ரெண்டு ரெண்டா தெரியறது, நடையில தடுமாற்றம். ஆரம்பத்துல பைக் ஓட்டாதீங்க, ராத்திரி பாத்ரூம் போறப்போ லைட் போட்டுப் போங்க. அதுக்கும் மேல நாலு விஷயம் நல்லா மண்டைல ஏத்திக்கணும்.

தோல். மாத்திரை ஆரம்பிச்ச மொதல் ரெண்டு மூணு மாசத்துல உடம்புல தடிப்பு, வாயில புண்ணு, கண்ணு செவக்கிறது, கூடவே காய்ச்சல் வந்தா, அடுத்த டோஸ் போடறதுக்கு முன்னாடி அன்னைக்கே டாக்டரைப் பாருங்க, ராத்திரின்னா எமர்ஜென்சிக்குப் போங்க. அபூர்வமா தோல் உரியற அளவுக்குப் போற உயிராபத்தான அலர்ஜி இது. எச்எல்ஏ பி 1502ன்னு ஒரு ஜீன் இருக்கிறவங்களுக்கு இந்த ஆபத்து அதிகம், ஆசியாவுல பல இனத்துலயும் இந்த ஜீன் இருக்கு. சிங்கப்பூர்ல 2013லிருந்து புதுசா கார்பமாசிபைன் ஆரம்பிக்கறவங்களுக்கு இந்த டெஸ்ட் எடுக்கறதே வழக்கம், அங்க இருக்கிற நம்மாளுங்க கேட்டு வாங்கிக்கோங்க. இங்கயும் டெஸ்ட் தேவையான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்.

ரத்தம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளில ரத்த அணு, கல்லீரல், சோடியம் மூணும் பாக்கணும்.

சோடியம். இதுதான் எங்களைப் போட்டுத் தள்ளுனது. அம்மா ஏற்கனவே பிபிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாங்க, அதுல ஹைட்ரோகுளோரோதையசைடு சேந்திருக்கு, அது சிறுநீர் வழியா உப்பை வெளிய தள்ளுற வகை. கார்பமாசிபைனும் சோடியத்தைக் கொறைக்கும். ரெண்டும் சேந்து, ஒரு நாள் காலைல எந்திரிச்சு என்னைப் பாத்து "பெரியப்பா வந்துட்டாரா"ன்னு கேட்டாங்க. பெரியப்பா செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரில பாத்தா சோடியம் 119, இருக்க வேண்டியது 135லிருந்து 145. நாலு நாள் அட்மிஷன். நியூராலஜிஸ்ட் பிபி மாத்திரை என்னன்னு கேக்கல, நாங்களும் சொல்லணும்னு தெரியாம இருந்துட்டோம். அதனால வயசானவங்களுக்கு இந்த மாத்திரை குடுக்கறப்போ திடீர்னு குழப்பம், வாந்தி, ஓவர் அசதி, தள்ளாட்டம் வந்தா "வயசாச்சு"ன்னு விட்டுடாதீங்க, சோடியம் பாருங்க.

மத்த மருந்து. போடற எல்லா மாத்திரையையும் பையில அள்ளிப் போட்டுக் கொண்டு போய் டேபிள் மேல கொட்டுங்க. ரத்தம் உறையாம இருக்கப் போடற வார்ஃபரினோட வேலையையும் கர்ப்பத்தடை மாத்திரையோட வேலையையும் இது கொறைச்சிடும். சளிக்காகப் போற எடத்துல கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக் எழுதுனா கார்பமாசிபைன் அளவு ரத்தத்துல எகிறிடும், தலைசுத்திக் கீழ விழுவாங்க. கர்ப்பமா இருக்கறவங்க, ஆகணும்னு பிளான் பண்றவங்க கண்டிப்பா முன்கூட்டியே சொல்லணும்.

அப்புறம் சில்லறை விஷயம்: சிஆர்னு போட்டிருக்கிற, அதாவது மருந்தை மெதுவா விடற வகை மாத்திரையை மெல்லக்கூடாது, பொடிக்கக்கூடாது. ஈரம் பட்டா இந்த மாத்திரையோட வீரியம் கொறையும், சமையக்கட்டு ஜன்னல்ல வைக்காதீங்க. வலி இல்லைன்னு திடீர்னு நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்.

கார்பமாசிபைன் ஒத்துக்கலைன்னா ஆக்ஸ்கார்பசெபைன், தூக்கமும் மத்த மருந்தோட மோதலும் இதுல கம்மி, ஆனா சோடியம் பிரச்னை இதுல இன்னும் அதிகம், எங்களுக்கு அதனாலயே அந்தக் கதவு மூடிடுச்சு. அதுக்கு அடுத்து பேக்லோஃபென், லாமோட்ரிஜின், கேபாபென்டின், ப்ரீகாபாலின். லாமோட்ரிஜினை ரொம்ப மெதுவா ஏத்தணும், வேகமா ஏத்துனா அதுலயும் தோல் பிரச்னை வரும். பேக்லோஃபென் திடீர்னு நிறுத்தக்கூடாது. அம்மாவுக்கு கார்பமாசிபைனைக் கொறைச்சு பேக்லோஃபென் சேத்து, பிபி மாத்திரையையும் மாத்தி, ஒரு வருஷம் ஓட்டுனோம். போட்டாக்ஸ் ஊசியும் சிலருக்குப் போடறாங்க, சில மாசம் தாங்கும்.

வலி உச்சத்துல போய் தண்ணிகூடக் குடிக்க முடியல, மாத்திரையே முழுங்க முடியலைன்னா வீட்டுல உக்காந்திருக்காதீங்க. எமர்ஜென்சில ட்ரிப்ஸ் போட்டு, ஃபாஸ்ஃபெனிட்டாயின் மாதிரி மருந்தை ரத்தக்குழாய்ல ஏத்தி அடக்குவாங்க.

வீட்டுல

காத்து படாம பாத்துக்கறது பாதி வைத்தியம். வெளிய போனா ஷாலோ மஃப்ளரோ சுத்திக்கோங்க, ஃபேனுக்கு நேரா படுக்காதீங்க. சாப்பாடு வெதுவெதுப்பா, குழைவா: ரசஞ்சாதம், கஞ்சி, பொங்கல், மசிச்ச வாழப்பழம். வலி இல்லாத பக்கம் மெல்லுங்க. பயத்துல சாப்பாட்டைக் கொறைச்சு ஆளே எளச்சிடுவாங்க, அம்மா ஒன்பது கிலோ கொறஞ்சாங்க, அதனால மாசம் ஒரு தடவை எடை பாருங்க. பல் தேய்க்க முடியலைன்னா சின்னப் புள்ளைங்க ப்ரஷ், வெதுவெதுப்பான தண்ணி.

மனசு. அடுத்த ஷாக் எப்போ வரும்ங்கிற பயத்துல பேசறதையே நிறுத்திடுவாங்க. "செத்துடலாம் போல இருக்கு"ன்னு சொன்னா அதைப் பேச்சுக்குச் சொல்றதா எடுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க. டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், தமிழ்ல பேசுவாங்க.

மாத்திரை பத்தலைன்னா

மாத்திரை கேக்கல, இல்ல கேக்குது ஆனா அதோட சைட் எஃபெக்ட்ல மனுஷன் பொம்மை மாதிரி ஆயிட்டாங்க, இந்த ரெண்டுல எது நடந்தாலும் நியூரோ சர்ஜனைப் பாக்கற நேரம் வந்தாச்சு. வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு இருக்காதீங்க. பாத்தா உடனே ஆபரேஷன்னு அர்த்தம் இல்ல, என்னென்ன வழி இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்.

வழியெல்லாம் ரெண்டு வகைக்குள்ள அடங்கிடும், இதை யாரும் எங்களுக்கு நேரா சொல்லல. ஒண்ணு, நரம்பை விட்டுட்டு அதை அழுத்துற ரத்தக்குழாயைத் தள்ளி வைக்கறது. இன்னொண்ணு, நரம்பையே கொஞ்சம் காயப்படுத்தி சிக்னலைக் கொறைக்கறது. ரெண்டாவது வகைல முகம் மரத்துப் போறதை சைட் எஃபெக்ட்னு சொல்லுவாங்க, ஆனா நெசத்துல அந்த மரப்பு வழியாத்தான் பெரும்பாலும் வலியே அடங்குது. பல்லு புடுங்க ஊசி போட்டா உதடு தடிச்ச மாதிரி இருக்குமே, அது கொஞ்சம் லேசா, ஆனா மாசக்கணக்கா வருஷக்கணக்கா இருந்தா உங்களால தாங்க முடியுமான்னு உங்களையே கேட்டுக்கோங்க.

மொதல் வகை மைக்ரோவாஸ்குலர் டீகம்ப்ரெஷன், சுருக்கமா எம்விடி. ரத்தக்குழாய் நரம்பை அழுத்துறதை 1930களிலேயே வால்டர் டேண்டின்னு அமெரிக்க சர்ஜன் கவனிச்சு எழுதுனாரு, 1960கள்ல ஆபரேஷன் மைக்ராஸ்கோப் வந்ததுக்கு அப்புறம் பீட்டர் ஜானெட்டா இதை ஒரு முறையான ஆபரேஷனா கொண்டு வந்தாரு. காதுக்குப் பின்னாடி வெட்டி, எலும்புல சின்ன ஓட்டை போட்டு, நரம்புக்கும் குழாய்க்கும் நடுவுல டெஃப்லான் பஞ்சை வச்சு மூடிடுவாங்க. ஜானெட்டா குழு 1,185 பேரைத் தொடர்ந்து பாத்து 1996ல வெளியிட்டதுல, பத்து வருஷம் கழிச்சும் 70 சதவீதம் பேர் மாத்திரை இல்லாம நல்லா இருந்தாங்க. மத்த எந்த முறையும் இவ்வளவு நாள் தாங்கறது இல்ல, முகமும் பெரும்பாலும் மரக்காது. ஆனா இது முழு மயக்கத்துல மண்டையைத் திறக்கற ஆபரேஷன், அதை மறைச்சுப் பேசக்கூடாது: அந்தப் பக்கக் காது கேக்காம போகலாம், மூளைத் தண்ணி கசியலாம், தொற்று வரலாம், ரொம்ப அபூர்வமா ஸ்ட்ரோக்கோ உயிர் போறதோ நடக்கலாம். ஸ்கேன்ல குழாய் நல்லா அழுத்தறது தெரிஞ்சு, மயக்க மருந்தைத் தாங்குற உடம்புன்னா, 2019 வழிகாட்டுதல்படி ஆபரேஷன்ல மொதல்ல யோசிக்க வேண்டியது இதுதான். வயசு மட்டும் தடை இல்ல, இதயம் நுரையீரல் எப்படி இருக்குங்கிறதுதான் கணக்கு.

ரெண்டாவது வகைல மூணு ஊசி முறை இருக்கு. மூணுலயும் வாய் ஓரத்துக்குப் பக்கத்துல கன்னம் வழியா நீள ஊசியை விட்டு, எக்ஸ்ரே பாத்துக்கிட்டே மண்டையோட அடில இருக்கிற ஒரு ஓட்டை வழியா நரம்பு முடிச்சுக்குப் போவாங்க. ரேடியோ ஃப்ரீக்வென்சின்னா சூட்டால சுடறது, கிளிசரால்னா திரவத்தை விடறது, பலூன்னா சின்ன பலூனை ஊதி ஒரு நிமிஷம் போல நசுக்கறது. ரேடியோ ஃப்ரீக்வென்சில நடுவுல எழுப்பி "எங்க குறுகுறுங்குது"ன்னு கேப்பாங்க, அதனால வலிக்கிற கிளையை மட்டும் குறி வைக்க முடியும். கண் பக்கக் கிளைன்னா பல சர்ஜன்கள் பலூனைத்தான் சொல்லுவாங்க, கண்ணு மரத்துப் போற ஆபத்து அதுல கம்மின்னு, ஆனா மெல்லுற தசை சில மாசம் பலவீனமாகும், செய்யும்போது இதயத் துடிப்பு திடீர்னு கொறையும், மயக்க டாக்டர் அதுக்குத் தயாரா இருப்பாரு. பெருசா வெட்டு இல்ல, அன்னைக்கோ மறுநாளோ வீடு, வலி உடனே போகும். ஆனா சில வருஷத்துல பாதிப் பேர் கிட்ட திரும்ப வரும், திரும்பச் செஞ்சுக்கலாம். அபூர்வமா மரத்த எடத்துலயே ஓயாத எரிச்சல் வலி ஒண்ணு வரும், அதுக்கு வைத்தியம் ரொம்பக் கஷ்டம், இதைப் பத்தி கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கேளுங்க.

இதே ரெண்டாவது வகைல ஊசி இல்லாத இன்னொரு முறை காமா நைஃப். பேருல கத்தி இருக்கே தவிர கத்தி கெடையாது, கதிர்வீச்சை ஒரு புள்ளில குவிச்சு நரம்போட வேர்ல அடிக்கிறது. ஸ்வீடன்ல லார்ஸ் லெக்செல் 1951ல இந்த யோசனையை மொதல்ல செஞ்சு பாத்ததே இந்த முகவலிக்குத்தான். மயக்கம் வேண்டாம், ரத்தம் உறையாம இருக்க மருந்து போடறவங்க, இதயம் பலவீனமானவங்களுக்கு நல்ல வழி. ஆனா வலி கொறைய வாரக்கணக்குலயிருந்து மாசக்கணக்கு ஆகும், அது வரைக்கும் மாத்திரை தொடரணும், இப்பவே துடிக்கிறவங்களுக்கு இது ஒத்து வராது. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல, டெல்லி எய்ம்ஸ்ல காமா நைஃப் இருக்கு.

வாய்க்குள்ள ஆல்கஹால் ஊசி போடறது, கிளை நரம்பை வெட்டறதுன்னு சில எடத்துல சொல்லுவாங்க. சில மாசம் நல்லா இருக்கும், திரும்ப வந்துடும். மத்த வழி எதுக்கும் லாயக்கில்லாத உடம்புக்கு ஓகே, மொதல் சாய்ஸா ஒத்துக்காதீங்க. சித்தா, ஆயுர்வேதம் பாக்கறதா இருந்தா நரம்பு டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் பாருங்க, மாத்திரையை நிறுத்தச் சொன்னா மட்டும் கேக்காதீங்க.

எங்கம்மா "என் தலையைத் தொறக்க விடமாட்டேன்"னு ஒத்தக் கால்ல நின்னாங்க. 66 வயசுல ரேடியோ ஃப்ரீக்வென்சி பண்ணுனோம். மறுநாள் வீடு, வலி சுத்தமா போச்சு. கன்னம் மரத்து, சாப்பிட்டது கன்ன ஓரத்துல தங்கிக்கும், உதட்டோரம் குழம்பு வழியறது தெரியாது, உள்கன்னத்தைக் கடிச்சு புண்ணாக்கிக்குவாங்க. "பரவாயில்லடா, அந்த வலிக்கு இது சொர்க்கம்"னாங்க. ரெண்டரை வருஷம். அப்புறம் ஒரு மார்கழிக் காலைல கோலம் போட்டுட்டு வந்து கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அந்தத் தடவை அவங்களே சொன்னாங்க, தலையைத் தொறங்கடான்னு. 69ல எம்விடி. ரெண்டு நாள் ஒரே வாந்தி, தலைசுத்தல், காது ரெண்டு வாரம் அடைச்ச மாதிரி இருந்து சரியாச்சு. இப்ப யோசிச்சா மொதல்லயே எம்விடிக்குச் சம்மதிக்க வச்சிருக்கலாமோன்னு எனக்குத் தோணும், அம்மாவைக் கேட்டா இல்லம்பாங்க, அந்த ரெண்டரை வருஷம் இல்லைன்னா தைரியமே வந்திருக்காதுன்னு.

சர்ஜன்கிட்ட கேக்க வேண்டியதை ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க: இந்த ஆபரேஷன் நீங்களே எத்தனை பண்ணியிருக்கீங்க, என் ஸ்கேன்ல குழாய் அழுத்தறது காட்டுங்க, மரத்துப் போக வாய்ப்பு எவ்வளவு, காதுக்கு என்ன ஆபத்து, திரும்ப வந்தா அடுத்து என்ன. மொதல் கேள்வியைக் கேக்க சங்கடப்படாதீங்க, நல்ல சர்ஜன் கோவிச்சுக்க மாட்டாரு.

செலவுக்கு: சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை மாதிரி எடத்துல நியூரோ சர்ஜரி பிரிவே இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா, உங்களுக்குச் சொன்ன முறை அதுல வருதான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே காப்பீட்டு கவுண்ட்டர்ல கேளுங்க.

ஆபரேஷன் முடிஞ்சதுக்கு அப்புறம்

வலி போச்சுன்னு அன்னைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வாரக்கணக்குல கொறைச்சுக்கிட்டே வருவாங்க, அம்மாவுக்கு ஆறு வாரம் ஆச்சு. எம்விடிக்கு அப்புறம் மூக்குலயோ தையல்லயோ தெளிவான தண்ணி மாதிரி ஒழுகுனா, காய்ச்சலோட கழுத்து விறைச்சா உடனே ஆஸ்பத்திரி. ஊசி முறையோ காமா நைஃபோ செஞ்சு கண்ணு மரத்துப் போயிருந்தா தூசி விழுந்தாலும் தெரியாது, வெளிய போகக் கண்ணாடி போடுங்க, தினமும் கண்ணாடில பாருங்க செவந்திருக்கான்னு, செவந்தா கண் டாக்டர். மரத்த பக்கம் சூடான காபி ஜாக்கிரதை.

எம்ஆர்ஐ சிடி, ஆபரேஷன் நோட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த மாத்திரை ஒத்துக்கலைங்கிற லிஸ்ட்டு எல்லாம் ஒரே ஃபைல்ல. வருஷம் கழிச்சு அதே எடத்துல லேசா சுரீர்னுச்சுன்னா அந்த ஃபைலை எடுத்துக்கிட்டு நியூரோ டாக்டர்கிட்ட போங்க. எங்க வீட்டுல ஃபைல் மேல தங்கச்சி மார்க்கர்ல பெருசா எழுதி வச்சிருக்கா, "பல் டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் பல்லுல கை வைக்க விடணும்"னு.